மத்சுயே நகருக்கு வந்த ஆங்கில ஆசிரியர்

மார்கழிப் பனியில் நுவரெலியாப் பகுதிப் பாடசாலையொன்றுக்குப் புதிய நியமனம் பெற்று வந்திறங்கும் ஆசிரியரை மலைநாட்டு மக்கள் பார்த்த மாத்திரத்திலே அறிந்துகொள்வர். கையிலே ஒரு பெட்டி, தோளிலே எவரோ இரவலாகக் கொடுத்த கம்பளி, முகத்திலே இடமாற்றம் என்று கிடைக்குமோ என்னும் கவலை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இவ்வாறு வந்தோர் பலர். அவருட் பெரும்பாலோர் வந்த புகையிரதத்திலேயே மனத்தை ஏற்றி அனுப்பிவிட்டு, உடம்பை மட்டும் வகுப்பறையில் நிறுத்தியவர்கள். யானும் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஹற்றன் நிலையத்தில் இறங்கியபோது அவர்களில் ஒருவனாகவே இறங்கினேன். லயத்துப் பிள்ளைகள் சிலர் ஒருநாள் மாலை என் அறை வாசலில் ஒரு கட்டு விறகைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஓடிப்போனார்கள். அன்றிரவுதான் பெட்டியைத் திறந்து உடுப்புகளை வெளியில் எடுத்து வைத்தேன்.

அயலூரிலிருந்து வந்த ஆசிரியன் எப்போது அவ்வூரவன் ஆகிறான் என்னும் வினா அதுமுதல் என்னை விட்டு நீங்கவில்லை. அதற்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த ஒருவரின் வரலாற்றை இங்கே சொல்லப் புகுகிறேன். அவர் நம் நாட்டினர் அல்லர்; நம் நாட்டுக்கு வந்தவரும் அல்லர். ஆங்கிலம் கற்பிக்க யப்பானுக்குச் சென்று, அந்நாட்டவராகவே மாறி, அங்கேயே மறைந்த லஃப்காடியோ ஹெர்ன் என்பவரே அவர்.

அவர் பிறந்தது 1850ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் நாள். பிறந்த இடம் கிரேக்க நாட்டின் மேற்குக் கரையை அடுத்த லெஃப்காதா என்னும் தீவு. அத்தீவின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. தந்தையார் அயர்லாந்துக்காரர், பிரித்தானியப் படையில் வைத்தியர். தாயார் ரோசா, கிரேக்கப் பெண். இரண்டு வயதிற் குழந்தையை டப்ளின் நகருக்குக் கொண்டுசென்றனர். அவ்வூரின் குளிரும், விளங்காத மொழியும், கணவன் வீட்டாரின் புறக்கணிப்பும் தாங்கமாட்டாத அந்தத் தாய் 1854இல் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டாள். நான்கு வயதுப் பிள்ளை அதன்பின் அவளைக் காணவேயில்லை. தந்தை வேறொருத்தியை மணந்து படையோடு இந்தியாவுக்குப் போனார். 1866இல் அங்கிருந்து திரும்பும் வழியில், சுயெஸ் குடாக் கடலில், கப்பலிலேயே காய்ச்சலால் இறந்தார். பாட்டியின் உறவினரான மூதாட்டி ஒருவரே சிறுவனை வளர்த்தார். இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் ஒரு சமயப் பாடசாலையில் பயின்றபோது, பதினாறாம் வயதில், விளையாட்டில் நேர்ந்த விபத்தால் இடக்கண்ணின் பார்வை போயிற்று. எஞ்சிய கண்ணும் கிட்டத்துப் பொருளையே காணும். பிற்காலத்து நிழற்படங்களிற் பெரும்பாலும் அவர் இடப்பக்கத்தை மறைத்துக்கொண்டே நிற்பதைக் காணலாம்.

மூதாட்டியின் செல்வமும் கரைந்தது. பத்தொன்பது வயது இளைஞரைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்சினாற்றி நகரில் பசியோடு அலைந்தவருக்கு வட்கின் என்னும் முதிய அச்சகத்தார் இடங்கொடுத்துத் தொழிலும் பழக்கினார். அச்சுக் கோத்தவர் பத்திரிகை நிருபரானார். 1874இல் மற்றி ஃபோலி என்னும் பெண்ணை மணந்தார். அவள் அடிமையாய்ப் பிறந்தவள். கறுப்பர், வெள்ளையர் என்னும் இரு மரபின் கலப்பிலே வந்தவள். அத்தகைய திருமணத்தை அம்மாநிலச் சட்டம் அன்று ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே பத்திரிகை அவரை விலக்கிவிட்டது, திருமணமும் நிலைக்கவில்லை. பின்னர்ப் பத்தாண்டுக் காலம் நியூ ஓர்லியன்ஸ் நகரிலும், இரண்டாண்டளவு மார்த்தினிக்குத் தீவிலும் எழுதிப் பிழைத்தார். எட்வின் ஆர்னல்டின் புத்த காவியத்தை, நம் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'ஆசிய ஜோதி' எனத் தமிழாக்கித் தந்தாரே, அந்த நூலை அவர் வியந்து படித்தது நியூ ஓர்லியன்ஸ் வாழ்க்கையின்போதுதான்.

இத்துணையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாற்பதாவது வயதில் யப்பானிற் கால்வைத்தபோது அவருக்குச் சொந்தமென ஒரு நாடோ, வீடோ, உறவோ இருக்கவில்லை. போன இடமெல்லாம் அரைப்பேர்தான் விழுந்தது. தோட்டத்துக் கணக்கிலே அரைநாட் பதிவுக்கு வழங்கும் அச்சொல்லின் கைப்பை இப்பத்தியைப் படிப்போருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

1890 ஏப்ரில் 4ஆம் நாள் அவர் யொக்கோகாமாத் துறைமுகத்தில் இறங்கினார். அமெரிக்கச் சஞ்சிகையொன்றுக்குக் கட்டுரை எழுத வந்தவர், உடன் வந்த ஓவியருக்குத் தம்மினும் கூடிய ஊதியம் பேசியிருப்பதை அறிந்து, சினந்து அத்தொடர்பையே அறுத்துக்கொண்டார். முன்கோபம் அவருக்குக் கடைசிவரை மாறாத குணம். கையிற் பணமில்லை. தோக்கியோவிற் பேராசிரியராயிருந்த சேம்பர்லெயின் என்னும் ஆங்கிலேய அறிஞர் முயன்று அவருக்கு ஓர் ஆசிரியப் பதவி வாங்கித் தந்தார். 1868இன் அரசியல் மாற்றத்துக்குப் பின், மேனாட்டுக் கலைகளை விரைந்து கற்றுவிட வேண்டுமென யப்பானிய அரசு அயல்நாட்டு ஆசிரியர்களையும் பொறியியலாளரையும் பெருஞ்சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. சம்பளம் மாதம் 100 யென். உள்ளூர் ஆசிரியர் கனவிலும் காணாத தொகை. ஊர் மத்சுயே.

மத்சுயே நாட்டின் மேற்குப் புறத்தே, ஓர் ஏரிக்கரையில், பழைய கோட்டையொன்றின் அடியிற் கிடக்கும் சிறுநகரம். இசுமோ என்னும் பழம்பெரும் நாட்டின் தலைநகர். பத்தாம் மாதத்திலே யப்பானின் தெய்வங்கள் யாவும் தத்தம் கோயிலை விட்டு இசுமோவிற் கூடுகின்றன என்பது அந்நாட்டார் நம்பிக்கை. ஏனைய பகுதிகளில் அம்மாதத்துக்குத் தெய்வமில்லா மாதம் என்றே பெயர். இத்தகைய ஊருக்கு 1890 ஓகஸ்ட் 30ஆம் நாள், ஒற்றைக் கண்ணும் குள்ள உருவமும் உடைய ஆங்கில ஆசிரியர் வந்து சேர்ந்தார். ஊர் முழுவதும் வேடிக்கை பார்த்தது.

அங்கே அவருக்கு இரண்டு பாடசாலைகள். ஒன்று நடுத்தரப் பாடசாலை. மற்றொன்று ஆசிரிய பயிற்சிக்குரியது. பின்னது படைமுகாம் போன்ற கட்டுப்பாட்டோடு நடப்பது. வகுப்புக்குள் நுழைந்தால் மாணாக்கர் அனைவரும் எழுந்து குனிந்து வணங்குவர், ஆசிரியரும் வணங்கவேண்டும். அதுவரை வகுப்பறையில் நின்று பழகாதவர், மாணாக்கர் மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர், என்ன செய்வார்? கரும்பலகையையும் பொறுமையையும் நம்பினார். மெதுவாகப் பேசினார்; எழுதிக் காட்டினார். எழுத்துப் பயிற்சிக்கு மேனாட்டுப் பொருள்களைக் கொடாமல், அவர்கள் ஊரின் மரம், பூச்சி, திருவிழா, பேய், பழங்கதை ஆகியவற்றையே தலைப்பாகக் கொடுத்தார். பிள்ளைகள் தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவை அவருக்கு அந்நாட்டைப் பற்றிய முதற் பாடநூல்களாயின. கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டார். தென்னிந்தியத் தேர்வுக்கென எழுதப்பட்ட பாடநூலை வைத்துக்கொண்டு, கொழுந்துக் கூடையையே கண்டு வளர்ந்த பிள்ளைக்குக் காவிரியின் வெள்ளத்தைக் கட்டுரையாக எழுதச்சொன்ன ஆசிரியர்களை நான் அறிவேன். யானும் ஒருமுறை அதனைச் செய்தவன்.

பாடசாலையின் உதவித் தலைவராகிய நிஷிதா செந்தாரோ என்பவரே மத்சுயேயில் அவருக்குக் கண்ணும் நாவுமாக அமைந்தவர். ஆங்கிலம் நன்கறிந்தவர், சயரோகத்தால் உடல் மெலிந்தவர். எந்த வீட்டில் எப்படி இருக்கவேண்டும், எவருக்கு எத்துணைக் குனிந்து வணங்கவேண்டும், எந்தக் கோயிலுக்கு எவ்வழியே போகவேண்டும் என்பனவெல்லாம் நிஷிதாவே உரைத்தார். இசுமோப் பெருங்கோயிலின் உள்மண்டபத்துக்குள் ஐரோப்பியர் எவரும் அனுமதிக்கப்பட்டதில்லை. அவ்விடத்துக்கு ஹெர்ன் 1890ஆம் ஆண்டிலேயே அழைக்கப்பட்டார். இவர் சிரிக்க வரவில்லை, வணங்க வந்திருக்கிறார் என ஊரார் கண்டுகொண்டதே காரணம்.

மாலை வேளைகளில் மாணாக்கர் வீட்டுக்கு வருவர். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் வந்து மண்டியிட்டு அமர்வர், நெடுநேரம் பேசாமலிருப்பர். தேநீர் அருந்துவர். சிலர் தம் வீட்டிற் போற்றி வைத்திருக்கும் பழஞ்சித்திரத்தையோ அரும்பொருளையோ துணியிற் சுற்றிக் கொண்டுவந்து, ஆசிரியர் பார்க்கட்டும் என்று விரித்துக் காட்டி, மறுபடியும் சுற்றி எடுத்துப் போவர். அம்மௌனத்தை ஆசிரியர் குறைவாக எண்ணவில்லை. பேசாது உடனிருத்தலும் ஒரு விருந்தோம்பல் என்பதை அவர் விரைவில் விளங்கிக்கொண்டார். வீட்டில் அவரும் யப்பானிய உடையே உடுத்துப் பாயிலே அமர்ந்து, நீண்ட தண்டுடைய சிறு சுங்கானிற் புகைபிடித்தார். பிற்காலத்தில் அத்தகைய சுங்கான்களைப் பெருந்தொகையாகச் சேர்த்து வைத்திருந்தார்.

அவ்வாண்டு மாணாக்கருள் ஒருவன் இறந்தான். யொக்கோகி என்பது அவன் பெயர், தச்சனின் மகன். படிக்கவைக்கப் பெற்றோருக்கு வசதியில்லை; அவன் கூர்மையைக் கண்ட செல்வர் ஒருவர் பொருளுதவி செய்தார். நோய் முற்றி எழுந்திருக்க இயலாத நிலையில், தன் பாடசாலையை இன்னும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று கேட்டான். குளிர்கால இரவு அது. வீட்டு வேலையாள் ஒருவன் அவனைப் போர்த்து முதுகிற் சுமந்து சென்று பாடசாலையின் எதிரே நின்றான். வகுப்பறைச் சாளரங்கள் இருட்டிக் கிடந்தன. பையன் அவற்றைப் பார்த்து மகிழ்ந்து திரும்பினான். பின்னர் சில நாளில் இறந்தான். இந்நிகழ்ச்சியை ஹெர்ன் தம் நூலில், மத்சுயே ஆசிரிய வாழ்க்கையைப் பற்றிய நாட்குறிப்புப் பகுதியில், எழுதி வைத்தார். அவர் எழுதியவற்றுள் பேய்க் கதைகளையே உலகம் பெரிதும் அறியும். என்னைக் கேட்டால், அவற்றையெல்லாம் விட இந்த ஒரு பக்கம் மேலானது. ஆசிரியத் தொழில் பூண்டோர் எவரும் அதனைக் கண் கலங்காமல் வாசித்தல் அரிது.

மத்சுயேயின் குளிர்காலம் அவரை வீழ்த்தியது. வெப்பநாட்டுத் தீவிலிருந்து வந்தவருக்குக் காகிதக் கதவும் கரியடுப்பும் கொண்ட வீட்டிலே அப்பனியைத் தாங்க முடியவில்லை. நோயுற்றுக் கிடந்தவரைக் கவனித்து வீட்டை நடத்த 1891இன் தொடக்கத்தில் ஓர் இளம்பெண் வந்தாள். கோய்சுமி செத்சு என்பது அவள் பெயர். 1868இல், பழைய போர்வீரக் குலத்திற் பிறந்தவள். அரசியல் மாற்றத்தால் அக்குலத்தார் மானியம் இழந்து வறியராயினர். செத்சு சிறுவயதிலேயே தறியில் அமர்ந்து நெய்து குடும்பத்தைக் காத்தவள். ஒருமுறை மணமாகிக் கணவனாற் கைவிடப்பட்டவள். பணிபுரிய வந்தவள் விரைவிலே மனைவியானாள். அயல்நாட்டானோடு வாழப் புகுந்தாள் என்று ஊர் பேசியிருக்கும்; அவ்வூரும் நம் ஊர்போன்றதுதானே.

கோட்டை அகழியின் ஓரத்தில் ஒரு பழைய வீரர் மாளிகையை வாடகைக்கு எடுத்து இருவரும் குடியேறினர். மூன்று புறமும் சிறு தோட்டம். அங்கே தவளைகள் உண்டு. அவற்றைத் தின்ன வரும் பாம்பும் உண்டு. பாம்பைக் கொல்லவும் மனமில்லை, தவளையைப் பறிகொடுக்கவும் மனமில்லை. ஆகவே, தம் உணவிலிருந்து இறைச்சியை எடுத்துப் பாம்புக்குப் போட்டு, தவளையை விட்டுவிடும்படி அதனிடம் சொல்வாராம். இதனைச் செத்சு அம்மையார் பிற்காலத்துத் தம் நினைவுரையிற் கூறுகிறார்.

இனி, கணவனும் மனைவியும் எம்மொழியிற் பேசினர்? தமிழாசிரியனாகிய எனக்கு இவ்வரலாற்றில் மிகச் சுவையான இடம் இதுவே. யப்பானிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும். பெயர்ச்சொல்லின் பின்னே இடைச்சொற்கள் ஒட்டி நின்று வேற்றுமைப் பொருளைத் தெரிவிக்கும். இவ்விரண்டிலும் அது தமிழை ஒத்தது. இவ்வொப்புமையைக் கொண்டே, ஓனோ சுசுமு என்னும் யப்பானிய அறிஞர் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு மொழிக்கும் உறவுண்டு என வாதித்தார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. அது கிடக்க. ஹெர்ன் அந்த உருபுகளையெல்லாம் உதறிவிட்டார். வினைகளைத் திரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். நாளை நான் பாடசாலை போ, நீ நல்ல கதை சொல் நேற்று என்று நம்மிடம் ஒருவர் பேசினால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது அவர் யப்பானியம். செத்சுவோ அதனைத் திருத்த முயலவில்லை; தானும் அதே மொழியைப் பேசக் கற்றுக்கொண்டாள். அது அவ்விருவருக்கும் பின்னர் அவர்தம் பிள்ளைகளுக்கும் மட்டும் விளங்கிய ஒரு வீட்டுமொழி. ஹெர்ன் மொழி என்றே அதற்குக் குடும்பத்திற் பெயர். அவள் பங்குக்கு, ஆங்கிலச் சொற்களைக் காதாற் கேட்டவாறே யப்பானிய எழுத்தில் ஒரு கொப்பியிற் குறித்துப் பயின்றாள். இலக்கணம் பிழைத்த அந்த மொழியில்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கதைகள் பிறந்தன என்பதை நினைக்கும்போது, சிவப்பு மையைச் சற்றுக் குறைவாகத் தொடலாம் என்று தோன்றுகிறது.

மத்சுயேயில் அவர் இருந்தது ஓராண்டும் இரண்டரை மாதமுமே. குளிருக்கு அஞ்சியும், கூடிய சம்பளத்தை நாடியும் தென்புறத்துக் குமமோத்தோ நகருக்கு மாற்றம் பெற்றார். 1891 நவம்பர் 15ஆம் நாள் காலை, மாணாக்கர் திரளாக வீட்டின்முன் கூடி, அவரைப் படகுத்துறை வரையில் நடந்து வழியனுப்பினர். ஆசிரியர்கள் அழகிய பூச்சாடிகளும், மாணாக்கர் ஒரு வாளும் பரிசாக அளித்திருந்தனர். நீராவிப் படகு ஏரியில் நகர்ந்தபோது அவர் கரையையே நோக்கி நின்றார். ஓராண்டுக்குள் ஓர் ஊர் இத்துணை நெருங்க இயலுமா என்று ஐயுறுவோர், இடமாற்றக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க இயலாமல் நின்ற ஆசிரியர் எவரையேனும் கேட்டறிக.

குமமோத்தோவில் உயர்தரப் பாடசாலை. சம்பளம் 200 யென். ஜூடோக் கலையை வகுத்த கானோ ஜிகோரோவே அப்போது அங்கே தலைவர். இருந்தும் அவருக்கு அவ்வூர் பிடிக்கவில்லை. புதிய கட்டடங்கள், படைவீடுகள், தம்மோடு பேச விரும்பாத சக ஆசிரியர்கள். இடைவேளைகளில் தனியே வெளியிற் போய் அமர்ந்து புகைபிடித்தார். வீட்டிலோ செத்சுவின் பெற்றோர், வளர்த்தோர், பாட்டனார், பணியாளர் என ஏறத்தாழப் பத்துப் பேர் அவர் ஒருவரின் சம்பளத்தில் உண்டனர். தாய், தந்தை என்று ஒருவரும் இல்லாமல் வளர்ந்தவர், ஒரு முழுக் குடும்பத்தைத் தாங்குவதை முணுமுணுக்காமல் ஏற்றார். 1893 நவம்பரில் மூத்த மகன் கசுவோ பிறந்தான். 1894இல் மத்சுயே வாழ்க்கையை விரித்துரைக்கும் நூல் இரு பாகங்களாக அமெரிக்காவில் வெளிவந்து பெரும்புகழ் தேடித் தந்தது.

அவர் குறையையும் சொல்லவேண்டும். அவர் நேசித்தது பழைய யப்பானை. கண்முன்னே கிளர்ந்தெழுந்துகொண்டிருந்த புதிய யப்பானை, 1894இல் சீனத்தோடு போர்தொடுத்த யப்பானை, அவர் வியந்தார், வெறுத்தார், ஆனால் ஆழ்ந்து ஆராயவில்லை. கிறித்தவ மதபோதகர்பால் அவர் காட்டிய பகைமை அளவுகடந்தது. உதவிய நண்பர்களோடெல்லாம் மனம் முறிந்தார். வேலை வாங்கித் தந்த சேம்பர்லெயினோடும் கூட. நன்றியும் சினமும் ஒரே பாத்திரத்திற் கிடந்த மனம் அது.

1894 ஒக்டோபரில் ஆசிரியத் தொழிலை விட்டுக் கோபே நகரத்து ஆங்கிலப் பத்திரிகையொன்றிற் சேர்ந்தார். இருந்த ஒரே கண்ணும் வீங்கிச் சிவந்து, சில மாதங்களில் அதனையும் விடவேண்டியதாயிற்று. இருட்டறையிற் கிடந்தபோது அவரை வாட்டிய கவலை வேறொன்று. தாம் இறந்தால் மனைவி மக்களின் கதி யாது?

சட்டம் இருபுறமும் கூர்மையாக இருந்தது. செத்சுவை முறைப்படி மணந்து பதிவு செய்தால், அவள் பிரித்தானியப் பிரசையாகிவிடுவாள். சொந்த நாட்டில் அந்நியளாவாள். நிலபுலம் வைத்திருக்க இயலாது. பதிவு செய்யாதிருந்தால், அவர் இறந்தபின் உடைமையெல்லாம் என்றோ மறந்துபோன அயர்லாந்து உறவினரைச் சேரும். எஞ்சிய வழி ஒன்றே: தாமே யப்பானியப் பிரசையாகி, மனைவியின் குடும்பப் பதிவேட்டில் மருமகப் பிள்ளையாகப் பெயர் எழுதப்பெறல். அதற்கு விலை உண்டு. அயல்நாட்டவர் என்பதற்காகவே அரசு கொடுத்துவந்த உயர்ந்த சம்பளத்தை, உள்நாட்டவர் ஆனபின் கேட்கும் உரிமை இல்லை. இதனை நன்கறிந்தே விண்ணப்பித்தார். விசாரணைகள் பல மாதம் நடந்தன. 1896 பெப்ருவரியிற் பிரசாவுரிமை கிடைத்தது. அன்றுமுதல் அவர் கோய்சுமி யாக்குமோ. கோய்சுமி மனைவியின் குலப்பெயர். யாக்குமோ என்பது எட்டு முகில் எனப் பொருள்படும், இசுமோ நாட்டைக் குறித்துப் பழங்கவிதையில் வரும் அடைமொழி.

பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையேயுள்ள தூரத்தை மலைநாட்டார் அளவுக்கு அறிந்தவர் சிலரே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின், பாட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டது. லயத்திற் பிறந்து லயத்தில் இறந்த பாட்டனுக்குச் செக்ரோலில் மட்டுமே பெயர் இருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர் அனைவரும் நாட்டவராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஹெர்ன் தாமே தேர்ந்து பெற்றார். இம்மக்களுக்கோ தேர்வு இருக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், பெண்டு பிள்ளைகளின் பொருட்டு ஒரு மனிதன் பத்திரக் கட்டோடு அலுவலகப் படியேறி நிற்பது எங்கும் ஒரே காட்சிதான்.

அவ்வாண்டு செப்ரெம்பரில் தோக்கியோ அரச பல்கலைக்கழகம் அவரை ஆங்கில இலக்கிய விரிவுரையாளராக அழைத்தது. பீடத் தலைவராகிய தோயாமா என்பவர், பிரசாவுரிமையைக் காரணங்காட்டிச் சம்பளத்தைக் குறையாமல், மாதம் 400 யென் வழங்க இசைந்தார். வகுப்பிற் குறிப்பேடு வைத்துக்கொள்ளாமல், மாணாக்கர் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளுமாறு மெதுவாகப் பேசுவார். அக்குறிப்புகளைத் தொகுத்து, அவர் மறைந்தபின் 1915இல் அமெரிக்காவில் விரிவுரை நூலாக வெளியிட்டனர். ஏனைய மேனாட்டுப் பேராசிரியர் கூடும் அறைக்கு அவர் போவதில்லை. வகுப்புகளுக்கு இடையே வளாகத்துக் குளக்கரையில் தனியே உலாவுவார். விருந்துகளுக்கு அழைத்தால் மறுப்பார். ஆனால் கோடைதோறும் யாயிசு என்னும் மீனவர் ஊருக்குச் சென்று, மீன் விற்கும் ஒருவர் வீட்டு மாடியில் தங்கி, நாள் முழுவதும் கடலில் நீந்துவார். அவ்வீட்டாரோடும் அண்டை வீட்டாரோடும் அலுக்காமற் கதைபேசுவார். பேராசிரியரோடு பேச வராத மொழி மீன்காரரோடு பேச வந்தது.

வீட்டில் அவருக்குக் கால்நீண்ட உயரமான மேசையொன்று செய்வித்திருந்தார்கள். கண்ணைத் தாளோடு ஒட்டவைத்தாற்றான் எழுத்துத் தெரியும். சுங்கானுக்கு நெருப்பு வேண்டுமானால் ஒரு பெரிய சங்கை எடுத்து ஊதுவார், வேலைக்காரி ஓடிவருவாள். மூத்த மகனுக்கு ஆங்கிலத்தைத் தாமே கற்பித்தார். பழைய செய்தித்தாளின்மேல் தூரிகையாற் பெரிய எழுத்தாக எழுதி அவனை வாசிக்கவைப்பார். வகுப்பிற் பொறுமையின் உருவாக நின்றவர், மகனிடத்தில் மட்டும் கடுமையாக இருந்தார்.

இரவானால் விளக்குத் திரியைத் தாழ்த்திவிட்டுச் செத்சு கதை சொல்லுவார். பழம்புத்தகக் கடைகளிலே தேடி வாங்கிய பேய்க் கதைகளை அவர் முன்னரே படித்து வைத்திருப்பார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கணவர் விடமாட்டார். அவருடைய சொல்லிலே, அவருடைய நெஞ்சிலிருந்தே கதை வரவேண்டும். அந்த அடி அப்போது எப்படி ஒலித்தது, அவன் குரல் எப்படியிருந்தது எனத் திருப்பித் திருப்பிக் கேட்பார். சொன்னவருக்கே அச்சத்தால் இரவில் தீக்கனவு வரும். குருட்டுப் பாணன் ஹோயிச்சியின் கதையை எழுதிக்கொண்டிருந்த நாள்களில், பொழுது சாய்ந்தும் அவர் விளக்கேற்றவில்லை. அடுத்த அறையிலிருந்து செத்சு மெல்லிய குரலில் ஹோயிச்சியை அழைக்க, தாம் குருடன், வந்திருப்பவர் யார் என்று இருட்டிலிருந்து மறுமொழி கொடுத்தாராம். இக்கதைகள் அடங்கிய 'குவைதான்' 1904இல் வெளிவந்தது. நூலின் முகப்பில் ஒரு பெயரே உண்டு. இரண்டு பெயர் இருந்திருக்கவேண்டும் என்பது என் துணிபு.

அவர் எழுதிய மற்றொரு கதையையும் நம் நாட்டார் அறிந்திருக்கவேண்டும். 1854இல் யப்பானியக் கடலோரக் கிராமமொன்றில் நிலம் அதிர்ந்தபின் கடல் பொங்கி வந்தது; ஹமகுச்சி என்பவர் தம் நெற்போர்களுக்குத் தீமூட்டி ஊராரை மேட்டுக்கு வழிகாட்டிக் காத்தார். 1897இல் வெளியான நூலில் ஹெர்ன் இதனைச் சற்றுப் புனைந்து எழுதினார். சுனாமி என்னும் சொல் ஆங்கிலத்திற் பரவியதற்கு அவ்வெழுத்தும் ஒரு காரணம். 2004 மார்கழியின் பின்னர் அச்சொல்லை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஹமகுச்சியின் நினைவாகவே 2015இல் ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5ஆம் நாளை உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக வகுத்தது.

தோயாமா 1900இல் இறந்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்காகப் பேச எவருமில்லை. 1903 ஜனவரியில், ஒப்பந்தம் மார்ச்சுக்குப்பின் புதுப்பிக்கப்படாது என ஒரு கடிதம் வந்தது. ஆறரை ஆண்டு கற்பித்தவருக்கு ஒரு தாள். அந்நியராக இருந்தவரை மதித்துச் சம்பளம் கொடுத்த நாடு, தன்னவராக ஆனபின் அதனைக் குறைக்க நினைத்தது. மாணாக்கர் கூட்டங்கூடி எதிர்த்தனர், தூது சென்றனர். குறைந்த நேரம், குறைந்த சம்பளம் என்று பேச்சு வந்தது, அவர் மறுத்துவிட்டார். அவ்விடத்துக்கு வந்தவருள் ஒருவர், அப்போதுதான் லண்டனிலிருந்து திரும்பியிருந்த நத்சுமே சோசெக்கி. பின்னர் யப்பானின் தலைசிறந்த நாவலாசிரியர் ஆனவர். ஹெர்னை இழந்த வருத்தத்தில் மாணாக்கர் முதலில் அவரை முகங்கொடுத்துப் பார்க்கவில்லை. பாவம், அவர் பிழை அதில் யாதுமில்லை.

1904 வசந்தத்தில் வசேதாக் கல்விநிலையம் அவரை மதிப்போடு அழைத்துக்கொண்டது. அங்கே கற்பித்தது சில மாதமே. செப்ரெம்பர் நடுப்பகுதியில் நெஞ்சு வலி வந்தது. செத்சுவை அழைத்து, தாம் இறந்தால் அழவேண்டாம், மூன்று நான்கு காசுக்கு ஒரு சிறு சாடி வாங்கி எலும்பை அதிலிட்டு ஆரவாரமில்லாத சிறுகோயிலொன்றிற் புதைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சீட்டு விளையாடிக்கொண்டிரு என்றார். அந்நாள்களில் தோட்டத்துச் செரி மரத்தின் கிளையொன்று காலமல்லாக் காலத்திற் பூத்தது; அதனைப் பார்த்து மகிழ்ந்தார். 26ஆம் நாள் இரவு, வலி மீண்டது. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்து நான்கு. கடைசிக் குழந்தை சுசுக்கோவுக்கு அப்போது ஒரு வயது.

செத்சு அம்மையார் 1932 வரை வாழ்ந்து, நான்கு பிள்ளைகளையும் அந்தப் பதிவேட்டின் வலிமையால் சொந்த வீட்டிலேயே வளர்த்தார். 2025இல் யப்பானியத் தொலைக்காட்சி அவர் வாழ்வைத் தழுவிய நாடகமொன்றைக் காலைதோறும் ஒளிபரப்பத் தொடங்கியது. அகழியோரத்து வீடும் அதன் தோட்டமும் மத்சுயேயில் இன்றும் காக்கப்படுகின்றன. தோக்கியோவின் சோசிகாயா இடுகாட்டில் ஒரு கல் நிற்கிறது. அதன் முகப்பில் யப்பானிய எழுத்தில், கோய்சுமி யாக்குமோவின் கல்லறை என்று மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.